வெள்ளை வரிசையில் கை வைத்தவன்

எவனோ ஒரு களவாணிப்பயல் என் மொட்டை மாடியில் ஏறி வெள்ளைத் தொட்டிகளில் கை வைத்திருக்கிறான். அவன் எவன் என்று மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கிறது அவனுக்கு. சும்மா சொல்லவில்லை தம்பி. தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் போய் லூர்தம்மாள் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஐஸ் லாரிக்காரன்கூடச் சொல்லுவான், அவள் வாயில் விழுந்தவன் எழுந்தது கிடையாது என்று.

உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பது மாதிரிப் பார்க்கிறீர்கள். உங்கள் மடியில் இருக்கிற ரோஜாக் கன்றுதான் சம்பந்தம். அதை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், இந்தப் பஸ் போகிற போக்குக்கு மொட்டு உதிர்ந்துவிடும். எங்கே வாங்கினீர்கள், ரோட்டோரத்திலா? அவன் சொன்ன விலைக்கா? சொன்ன விலைக்கேவா! கூட ஒரு பிடி எரு கேட்டீர்களா? கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கொசுறு கேட்காமல் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், காலேஜ் வரைக்கும் போனவர் என்று.

கொசுறு கேட்பது பிச்சை இல்லை தம்பி. வாங்குகிறவனுக்கு அது உரிமை, விற்கிறவளுக்கு அது கௌரவம். என்னோடு சண்டை பிடித்துவிட்டு, என் மீனை அழுகல் என்று சொல்லிவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் என்னிடமே வாங்குகிறவனுக்குக்கூட இரண்டு பொடிமீனை அள்ளிப் போட்டுத்தான் அனுப்புவேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன். ஆனால் போடுவேன். வெறுங்கையாக ஒருத்தரை அனுப்ப இந்தக் கைக்குத் தெரியாது. அதோடு கொசுறு எந்தக் கணக்கிலும் சேராது. தராசிலிருந்து இறக்கின பிறகு போடுகிறதுதானே அது. தராசு பார்க்காததை மனுசர் எதற்குப் பார்க்கணும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மீன் அமிலம் போடுகிறேன். பயப்படாதீர்கள், கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. மார்க்கெட்டில் வெட்டிப் போடுகிற தலை, குடல், செதில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து, கழிவுக் கருப்பட்டியோடு சேர்த்து டிரம்மில் மூடி வைத்துவிட்டால், ஊறி ஊறித் தேன் மாதிரி இறங்கும். அதைத் தண்ணீரில் கலந்து செடிக்கு விட்டால், சோர்ந்து கிடக்கிற செடியும் எழுந்து நின்று என்ன வேணும் என்று கேட்கும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாசமாகப் போனது இரண்டு டிரம், ஒன்று வெடித்தே போனது. பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னும் என்னோடு பேச்சு இல்லை. அப்படிப் படித்த படிப்பு.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்தெல்லாம் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் தேடி வந்து வாங்குகிறார்கள். ஆனால் விவசாயிகள் சங்கத்துக் கடையில் வைத்தால்தானே நாலு ஊருக்குப் போகும்? அங்கே செயலாளர் ஆறுமுகநயினார். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு பேனா. இரண்டிலும் மை இருக்காது.

"காலேஜ்ல சோதிச்சு பேப்பர் வாங்கிட்டு வாங்க லூர்தம்மா. வாயால சொன்னா நான் எப்படி அடுக்குல வைக்க?"

"செடி சொல்லுதே, பத்தாதா?"

"செடி கையெழுத்துப் போடுமா?"

அன்றைக்கே விவசாயக் காலேஜுக்குப் பஸ் ஏறினேன். இதே பஸ்தான். அங்கே ஒரு பேராசிரியர். நல்ல மனுசர், ஆனால் பேரம் தெரியாதவர். இதைச் சோதிக்க ஒரு முழுப் பருவம் வேணும் என்றார். நான் ஒரு மாதம் என்றேன்.

"அம்மா, செடி உங்ககூட பேரம் பேசாது."

"பேரம் பேசாத உயிர் உண்டா சார்?"

பேசிப் பேசி அவர் இறங்கினார், நானும் கொஞ்சம் ஏறினேன். வெண்டைச் செடி, முதல் காய்ப்பு வரைக்கும் என்று முடிந்தது. பொங்கல் கழித்து விதை போட்டால் ஈஸ்டருக்குள் பேப்பர் கையில். அதற்குமேல் இன்னொரு சிக்கல்: காலேஜில் பச்சை வலை கட்டின கொட்டகை முழுக்க வேறு பிள்ளைகளின் செடி. இடம் காலியாகக் கோடை முடியணுமாம்.

"என் மாடியில வையுங்க சார்," என்றேன்.

அவர் யோசித்தார். "வீட்டுல வச்சா யாராவது கை வச்சிருவாங்கம்மா."

"என் வீட்டுல என்னைக் கேக்காம காக்கா கூட உக்காராது."

அதையும் ஜெயித்தேன். கடைசி வருசம் படிக்கிற விஜிலா என்கிற பிள்ளையை என்னோடு அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆராய்ச்சி செய்து கொடுத்தால்தான் படிப்பு முடியுமாம். ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பாள். சத்தமாகத் தும்மினால் விழுந்துவிடுவாளோ என்று இருக்கும். ஆனால் தொட்டி அடுக்குகிற விசயத்தில் என்ன கண்டிப்பு! ஒரே மாதிரித் தொட்டி, ஒரே மண், ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். தண்ணீர் டேங்க் நிழல் ஒரு பக்கம் விழுகிறது என்று வாராவாரம் தொட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்பாள். கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு பார்த்து உட்கார வைக்க மாட்டார்கள்.

பாதித் தொட்டிக்குச் சிவப்புக் கோடு போட்டாள், பாதிக்கு வெள்ளை.

"சிவப்புக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ உங்க அமிலம், ஆன்ட்டி. வெள்ளைக்கு எப்பவும் வெறும் தண்ணி. வேற எதுவுமே மாறக்கூடாது."

"வெள்ளைக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எதுக்கு அத வளக்கணும்?"

"அது இல்லன்னா சிவப்பு வளந்தது உங்க மருந்தாலயா, மண்ணாலயா, வெயிலாலயான்னு எப்படித் தெரியும்?"

"என் மருந்தாலதான். நான்தான் சொல்லுதேன்லா."

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "ஆன்ட்டி, தராசுல ஒரு தட்டுல மீன் வச்சா மறுதட்டுல எடைக்கல் வைக்கணும்லா? வெள்ளை வரிசைதான் நம்ம எடைக்கல்," என்றாள்.

அப்படிச் சொல்லு! தராசு என்றால் எனக்குத் தெரியாதா? மீன் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிறவளை நடு மார்க்கெட்டில் வைத்துக் கிழித்திருக்கிறேன் நான். அந்த இடத்திலேயே பனிமய மாதா மேல் சத்தியம் செய்தேன்: வெள்ளை வரிசைக்கு என் கையால் ஒரு சொட்டு மருந்து ஊற்ற மாட்டேன் என்று. தம்பி, இந்த நிமிசம் வரைக்கும் அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். என் வீட்டுக்காரர் மிக்கேல் காலையில் மாடியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அதையும் நிறுத்தினேன். எப்போதும் கீழே கொடியில் போடுகிற சட்டையை மாடியில் காயப்போட வேண்டும் என்று வந்து நின்றார். சட்டையை நான் வாங்கிக்கொண்டு போய்க் காயப்போட்டேன், அவரை விடவில்லை. அவ்வளவு கட்டுக்காவல். விஜிலா சனிக்கிழமை மட்டும் வருவாள். மற்ற நாளெல்லாம் நான்தான். வேறு ஈ காக்கை கிடையாது.

எவ்வளவு சுத்தமாகச் செய்தேன் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை இரண்டு புது வாளி கொண்டு வந்து, சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்றது. புது வாளியை எவளாவது வெயிலில் போட்டு வெடிக்க விடுவாளா? ஒன்றை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே வாளி போதாதா? அமிலத்தைக் கலந்து, சிவப்புக்கு ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றி முடித்ததும் வாளியை அலசுவேன். செம்பையும் அலசுவேன். அடியில் ஒட்டியிருக்கிறது எல்லாம் போகிற மாதிரி, கையை விட்டுத் தேய்த்து அலசுவேன். அலசாமல் ஒருநாளும் வெள்ளைக்குப் போனதில்லை. அலசின தண்ணீரைத் தரையில் கொட்ட மனசு வருமா? தூத்துக்குடியில் இருந்துகொண்டு தண்ணீரைத் தரையில் கொட்டுகிறவள் உருப்படுவாளா? அதையும் வெள்ளைக்கே ஊற்றிவிடுவேன். அது மருந்து இல்லை தம்பி. கழுவின தண்ணீர். வெள்ளைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று அந்தப் பிள்ளையேதான் சொல்லியிருக்கிறாளே.

அதோடு, அந்த வெள்ளை வரிசை மாடிப்படிக்கு நேராக இருந்தது. ஏறினவுடன் அதுதான் கண்ணில் படும். தவக்காலம் வேறு. நாங்களே வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு மீனைப் போட்டு ஒரு பிடி பிடிக்கிறோம். அந்த வாயில்லாத செடிகள் மட்டும் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு வரிசைக்கு ஊற்றும்போது இந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருக்கும். பந்தியில் ஒருத்தருக்கு மட்டும் வைத்துவிட்டுப் பக்கத்து இலையைத் தாண்டிப் போகிற மாதிரி. அதனால் அலசும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அலசுவேன். வேறென்ன? கொசுறு. அவ்வளவுதான். கணக்கில் சேராதது.

சிவப்பு வரிசை வேறு ரகம். மருந்து குடிக்கிற திமிர். மதமதவென்று முதல் பிஞ்சு வைத்ததே அதுதான். பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. நல்லதாக நாலைந்தைப் பறித்து ஆறுமுகநயினாருக்கு மாதிரி காட்டக் கொண்டு போனேன். அடுத்த வாரமும் கொண்டு போனேன். மாதிரி காட்டாமல் வியாபாரம் உண்டா? மனுசர் காயை ஒடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "பேப்பர் வரட்டும்," என்றார். காய் போய்விட்டது, பேப்பர்தான் பேச்சு. விஜிலாவிடம் இதைச் சொல்லவில்லை. மாதிரிக்குக் கொடுத்ததை எந்த வியாபாரி விற்பனையில் சேர்த்துச் சொல்லுவான்?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை விஜிலா தராசோடு வந்தாள். சின்னத் தராசு, பொன் நிறுக்கிற மாதிரி. ஒவ்வொரு செடியாக உயரம் அளந்தாள். காயைப் பறித்து நிறுத்தாள். நான் பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு, ஜெயித்ததும் கையில் கொடுக்கலாம் என்று நிற்கிறேன். அந்தப் பிள்ளை முகம் வாடுகிறது. திரும்ப நிறுக்கிறாள். திரும்ப வாடுகிறது.

"வித்தியாசமே இல்ல ஆன்ட்டி."

"என்ன இல்ல?"

"ரெண்டு வரிசையும் ஒண்ணு போல இருக்கு. காய் எடையில வெள்ளை ஒரு பொட்டு கூடத்தான் நிக்கு."

தம்பி, அந்த நேரம் என் டிரம் வெடித்த சத்தம் திரும்பக் கேட்டது எனக்கு.

அவள் குனிந்து வெள்ளைத் தொட்டி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். "மீன் வாடை அடிக்குது ஆன்ட்டி."

"எங்க வீட்டுல எதுல அடிக்கல? செபப் புத்தகத்தை முகர்ந்து பாரு, அதுலயும் அடிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். ஒரு மாதிரியான பார்வை. அடிபட்ட பூனைக்குட்டி பார்க்குமே, அப்படி. "யாரோ வெள்ளை வரிசைக்கு அமிலம் குடுத்திருக்காங்க ஆன்ட்டி. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க. நல்ல மனசுலதான் செஞ்சிருப்பாங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

பார்த்தீர்களா? அந்தப் பிள்ளைக்கு ஆள் யார் என்று தெரிந்திருக்கிறது! சொல்லப் பயப்படுகிறது! நான் அவள் தோளைப் பிடித்து, "எவன்னு சொல்லு, நான் இருக்கேன் உனக்கு, ஒருத்தனுக்கும் பயப்படாத," என்றேன். அதற்கு அவள் அழுதே விட்டாள். அப்படி மிரட்டி வைத்திருக்கிறான் அவன்.

நல்ல மனசாம். என் டிரம்மெல்லாம் நிரம்பிப் போய் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மழைக்கு முன்னால் சங்கத்துக் கடையில் ஏற்றவில்லையென்றால் அடுத்த வருசம்தான். விசயம் அதற்குள் ஆறுமுகநயினார் காது வரை போய்விட்டது. கடை வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்கிறார்: "பச்சத் தண்ணியே போதும்னு காலேஜே சொல்லிட்டாம்லா லூர்தம்மா, பெறகு எதுக்கு உங்க மீன் தண்ணி?"

தின்றது என் வெண்டைக்காய்! அந்தக் காயை இன்னும் சீரணித்து முடித்திருக்க மாட்டார். நானும் விடவில்லை. "அந்தப் பச்சத் தண்ணியில காய்ச்ச காயத்தான் உங்க வீட்டுல புளிக்கொழம்பு வச்சீகளோ?" என்று கேட்டேன். நாலு பேரும் சிரித்தார்கள். இருந்தாலும் பேப்பர் பேப்பர்தானே. என் கையில் அது இல்லை.

முதலில் அவர் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அவருக்கு முட்டுவலி, என் வீட்டுப் படி ஏற முடியாது. பக்கத்து வீட்டுக்காரி? அவளுக்கு மீன் வாடை பட்டாலே குமட்டும், அமில டப்பாவைத் தொட மாட்டாள். காக்கை? காக்கை அலகில் எடுத்துக்கொண்டு வந்து எத்தனை தொட்டிக்கு ஊற்றும்? சாவி என் இடுப்பை விட்டு இறங்கினது கிடையாது. குளிக்கும்போதுகூட. மாய மந்திரம் தெரிந்தவனாகத்தான் இருக்கணும்.

கடைசியில் வீட்டுக்காரரையே பிடித்தேன். அவர் பேப்பரை இறக்காமலே சொல்லுகிறார்: "லூர்து, சாவி ஒன்கிட்ட. தண்ணி ஊத்துனது நீ. வேற யாரும் மேல போகல. நீயே கொஞ்சம் உக்காந்து யோசி."

"அதத்தானே நானும் சொல்லுதேன்! வேற யாரும் போகல! பெறகு எவன் போனான்?"

மனுசர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான், மத்தியானம் வந்தார். இவரிடம் யோசனை கேட்கப் போனேன் பாருங்கள்.

இப்போது எங்கே போகிறேன் என்கிறீர்கள்? காலேஜுக்குத்தான். பேராசிரியர் இன்னொரு தடவை சோதிக்கச் சம்மதித்துவிட்டார். நல்லவேளை, வலைக் கொட்டகையில் ஒரு மூலை காலியாகிவிட்டதாம். விஜிலாவும் பரீட்சையைத் தள்ளிப் போட்டுவிட்டு இருக்கிறாள். எனக்காக இல்லை, அவள் படிப்பும் அந்தத் தொட்டிகளில்தானே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் போனில் ஒரு நிபந்தனை போட்டாள்: "இந்தத் தடவ தொட்டிக்கிட்ட யாரும் வரக்கூடாது ஆன்ட்டி. நீங்க கூட."

நான் கூடவாம்! கொள்ளையடித்தவனை விட்டுவிட்டுக் காவல்காரியை வெளியே நிறுத்துகிற நியாயம் எந்த ஊரில் இருக்கிறது? அதைப் பேசத்தான் போகிறேன். நேராகப் போய்க் கொட்டகை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரப் போகிறேன். உள்ளே விடவில்லையென்றால் வலைக்கு வெளியே இருந்து பார்த்துக்கொள்கிறேன். அவன் திரும்ப வருவான் தம்பி. கை பழகினவன், வராமல் இருக்க முடியாது.

விஜிலாவிடம் கேட்டும் பார்த்தேன், அவன் என்ன செய்தால் இது சரியாகும் என்று. "ஒண்ணும் செய்ய வேண்டாம் ஆன்ட்டி. அவங்க சும்மா இருந்தாலே போதும்," என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோசமே கிடையாது.

என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. அந்தப் பையை எடுங்கள், பார்த்து, அதில் இருப்பது புது அமிலம், சோதனைக்குக் கொண்டு போகிறது. அதை உங்களுக்குத் தர முடியாது, அளந்து வைத்திருக்கிறேன். இந்தப் பாட்டிலில் இருப்பது வேறு. டப்பா கழுவின தண்ணீர், சும்மா எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன். கன்றை இப்படிக் காட்டுங்கள். உங்களோடு இவ்வளவு நேரம் பேசிவிட்டு வெறுங்கையாக இறங்குவேனா? கொஞ்சம்தான். மடியில் சிந்தாது. மருந்து இல்லை தம்பி, பயப்படாதீர்கள், கொசுறு. மீதி அந்த வெள்ளை வரிசைக்கு இருக்கட்டும்.

யோவ் கண்டக்டர், விசிலை ஊதாதே, பொம்பளை இறங்குகிறேன்ல!

தம்பி, ஊர் உலகம் சுற்றுகிற ஆள் நீங்கள். அவனை எங்காவது பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒளிந்தது போதும். நேராகக் காலேஜுக்கு வரட்டும். அந்தப் பிள்ளை முன்னால் நின்று, நான்தான் செய்தேன் என்று தன் வாயால் சொல்லட்டும். கெடுத்தவன் எவனோ, அவனேதான் வந்து சரி பண்ணிக் கொடுக்கணும். அதுவரைக்கும் லூர்தம்மாள் அந்தத் தொட்டிகளை விட்டு ஒரு அடி நகர மாட்டாள் என்று சொல்லுங்கள்!